குரல் நின்றால் நிறுத்து

என் கணவர் வீட்டில் வாயே திறக்கமாட்டார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் அழுதிருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் ஒரு "ம்", சாப்பிடும்போது ஒரு "போதும்", அவ்வளவுதான் அன்றையப் பேச்சு. பொறுக்க முடியாமல் ஒருநாள் அண்ணனிடம் போய் நியாயம் கேட்டேன். கூட வேலை பார்ப்பவர், தங்கமானவர் என்று சொல்லி இந்த மாப்பிள்ளையை என் தலையில் கட்டியவர் அண்ணன்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நாள் பூரா அவன் பேசிப் பேசி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. உனக்கு மிச்சம் வச்சாத்தானே."

அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அண்ணன் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டட வேலை நடக்கிற இடத்தில் உச்சாணியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். என் கணவர் கீழே நின்று, சுமை எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்பவர். கட்டடம் வளர வளர, கூண்டிலிருந்து தரை தெரியாது. அப்புறம் எல்லாம் கையிலிருக்கும் வாக்கி டாக்கிதான். சுமை இறங்கும்போது கீழே இருப்பவர் வாயை மூடவே கூடாது. "எறக்கு… எறக்கு… எறக்கு…" என்று மூச்சுக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் மேலே இருப்பவர் சுமையை நிறுத்திவிடுவார். செட்டில் பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆள் மயங்கி விழுந்திருக்கலாம், எதுவானாலும் சரி. குரல் நின்றால் நிறுத்து. அந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தானாம்.

அந்த "எறக்கு" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைக் "கீழே வை" என்கிறோம். அலமாரி மேலிருக்கும் பெட்டியை "எடுத்துக் குடு" என்கிறோம். யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. அவருடைய வலது கை மணிக்கட்டோடு போன பிறகு, நாக்கு தானாக அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது.

கை போன கதை ஒரு நோட்டீஸில் தொடங்குகிறது. அலைவரிசை அலுவலகம் என்று ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. காற்றில் போகிற பேச்சுக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். அதிலும் சின்னக் கம்பெனிகளுக்குத் தனியாகக் கொடுக்கமாட்டார்களாம். ஒரே அலைவரிசையை நாலு கம்பெனிக்குப் பங்கு பிரித்துவிடுவார்களாம், தெருக்குழாய் மாதிரி. கிரேன் கம்பெனிக்கு வாய்த்த பங்காளி ஒரு வேன் கம்பெனி. நடக்க முடியாத நோயாளிகளை வீட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேன்கள்.

ஒருவர் பேச்சு அடுத்தவர் செட்டில் கேட்காமலிருக்க ஒரு பூட்டு உண்டு. பூட்டிவைத்தால் தன் கம்பெனிப் பேச்சு வரும்போது மட்டும்தான் செட் வாய் திறக்கும். ஆனால் காதுக்குக் கேட்கவில்லை என்பதற்காக வழி காலியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் இரண்டு பேச்சும் நாசம். இந்தப் பக்கம் என் கணவர் மூச்சுக்கு ஒரு தரம் "எறக்கு" என்கிறார். அந்தப் பக்கம் வேனில் ஒரு நோயாளி மயங்கிவிட்டார், எந்த வாசலுக்குக் கொண்டுபோவது என்று டிரைவர் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார், பேச வழியே கிடைக்கவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். வேன் கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் என்ன செய்வார்கள்? நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அலுவலகத்திலிருந்து கிரேன் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. பேசும் முன் கேட்க வேண்டும், வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பேச வேண்டும், மீறினால் லைசென்ஸ் ரத்து. தங்களுக்குத் தனி அலைவரிசை வேண்டும் என்று கம்பெனி முன்பே மனு போட்டிருந்தது. அதற்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில். மேனேஜர் பயந்துபோய், எல்லா செட்டிலும் பூட்டைத் திறந்துவிடச் சொன்னார். பூட்டைத் திறந்தால்தானே அடுத்தவர் பேசுவது கேட்கும்? கேட்டால்தானே காத்திருந்து பேச முடியும்? ஒரு விதியைக் காப்பாற்ற அவர் செய்தது அது. அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்த விஷயத்தில் யாரைப் பிடித்து உலுக்கலாம் என்று நான் பார்க்காத ஆளில்லை. ஆள்தான் அகப்படவில்லை.

அன்றிலிருந்து கூண்டுக்குள் வேன்காரர்களின் பேச்சு நாள் முழுக்க ஓடியது. "யாருக்கு எப்ப ஸ்கேன், யாருக்கு எப்ப டயாலிசிஸ், எல்லாம் இப்ப எனக்கு அத்துப்படி" என்று அண்ணன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பேசாத என் கணவர்கூட அன்று சிரித்தார்.

ஏற்றுவது, இறக்குவது. வேன்காரர்களுக்கும் வேறு பேச்சு கிடையாது என்பது எங்கள் மண்டையில் உறைக்கவில்லை. இரும்புக் கட்டை இறக்கினாலும் "எறக்கு"தான், மனிதரை இறக்கினாலும் "எறக்கு"தான்.

அன்று இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது, கட்டு உட்கார வேண்டிய மரக்கட்டை கோணலாகக் கிடப்பதை என் கணவர் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். சுமை நின்றது. செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, குனிந்து கட்டையை நேராக்கக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மேலே கூண்டில் "எறக்கு, அங்கயே எறக்கு" என்று கேட்டது. அண்ணன் இறக்கினார்.

கீழே அவர் இடுப்பிலிருந்த செட்டிலும் அதே வார்த்தை கேட்டிருக்கும். கம்பி வெட்டுகிற இரைச்சலில் காதில் விழவில்லை என்கிறார். இதை அவரிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

"என் குரல் மச்சானுக்குத் தெரியாதா?"

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார். இருவரும் ஒத்த வயதுக்காரர்கள், வா போ என்று பேசிக்கொள்பவர்கள், ஒருவர் உயிரை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

பாதுகாப்பு வாரியம் அண்ணனின் கிரேன் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. கார்டு இல்லாமல் எந்தக் கிரேனிலும் ஏற முடியாது, அவருக்கு வேறு வேலையும் தெரியாது. வாரியம் என் கணவரிடமும் எழுத்தில் வாக்குமூலம் கேட்டது. அவருக்குக் கை ஏது, அவர் சொல்ல நான் எழுதினேன். "அவருக்கு என் குரல் நன்றாகத் தெரியும்" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள். "ஹலோ" என்றதுமே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நோயாளிகள் அசந்துபோவார்கள், டாக்டரம்மா எல்லோரிடமும் இதைப் பெருமையாகச் சொல்வார். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. முன்பின் தெரியாதவர்களின் குரல் எனக்குத் தெரியும்போது, கூடவே இருப்பவனின் குரல் உனக்குத் தெரியாமல் போகுமா என்று அண்ணனை அவர் வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன். அதோடு நானும் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டேன்.

வாரியம் எந்த முடிவும் எடுக்காமல் காத்திருந்தது. வேறு குரல் குறுக்கே வந்ததா, வந்திருந்தால் அதை நம்பி ஏமாற இடமுண்டா என்று அலைவரிசை அலுவலகம் முதலில் சொல்லட்டும் என்றார்கள். அலுவலகத்தில் அதற்குள் இரண்டு கம்பெனிகளும் மாற்றி மாற்றி வழக்குப் போட்டிருந்தன. வேன் கம்பெனியை அந்த அலைவரிசையை விட்டு அனுப்புங்கள் என்றது இது. கிரேன் கம்பெனியை அனுப்புங்கள் என்றது அது. விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால் அது கோர்ட் மாதிரி இல்லை. நீளமான மேஜை, சுவரில் கோபுரமும் வட்டங்களும் வரைந்த ஒரு வரைபடம், சத்தம் போடுகிற ஒரு ஏசி. மேஜைத் தலைமாட்டில் விசாரணை அதிகாரி, ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கம்பெனிக்கு ஒரு வக்கீல். அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார், இளைத்திருந்தார். நாங்கள் இருவரும் எதிர்ச்சுவர் பக்கம் உட்கார்ந்தோம். என் கணவர் சட்டைக் கையை முழுதாக இறக்கி விட்டிருந்தார்.

காலையெல்லாம் எண்களிலேயே போனது. யார் எவ்வளவு நேரம் அலைவரிசையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், யாருடைய கோபுரம் அனுமதித்ததைவிட உயரம். ஒரு கை போனது என்பது அந்தக் காகிதங்களில் "சம்பவம்" என்று இருந்தது. சம்பவத்துக்கு முன், சம்பவத்துக்குப் பின் என்று இரண்டு வக்கீலும் மாறி மாறிச் சொன்னார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேன்களுக்கு வழி சொல்பவரைக் கூப்பிட்டார்கள். அவரை எல்லோரும் கன்ட்ரோல்காரர் என்றார்கள். குட்டையானவர், மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பேசினார். அன்று அந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். வேன் கம்பெனி வக்கீல் அவரிடம் ஞாபகமில்லை என்று சொல்லச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வாய் திறந்ததும் வக்கீலின் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

"சொன்னேம்மா. ஒரு பெரியவர கூட்டிட்டு வந்தாங்க. படிகிட்டயே நிறுத்தலாமான்னு டிரைவர் கேட்டாரு. எறக்கு, அங்கயே எறக்குன்னேன்."

சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்தார். சட்டைக் கையைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வராததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணனைக் கேட்டார்கள். யார் குரல் என்று நினைத்தீர்கள் என்றார் அதிகாரி.

"குரலக் கேக்கலீங்க. வார்த்தையக் கேட்டேன். வார்த்தை வந்தா கை தானா போயிடும்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேன் கம்பெனி வக்கீலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் வாக்குமூலத்தை எடுத்து, நான் எழுதிய வரியைச் சத்தமாகப் படித்தார். குரல் நன்றாகத் தெரிந்தவர், ஆனாலும் கவனிக்கவில்லை. இது அலைவரிசைக் கோளாறே அல்ல, ஓட்டியவரின் கவனக்குறைவு என்றார். குரல் வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று இங்கேயே சோதித்துவிடலாம் என்றார். கிரேன் கம்பெனி வக்கீலும் சம்மதித்தார். ஆனால் அண்ணனைச் சோதித்துப் பயனில்லை, தெரிந்தாலும் தெரியவில்லை என்றுதான் சொல்வார், கார்டு போய்விடும் என்ற பயம் இருக்கிறதே என்று வேன் கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டு, என் பக்கம் கை நீட்டினார்.

"இவங்கதான் அடிபட்டவரோட மனைவி. ஆப்பரேட்டர்மேல கோவத்துல இருக்காங்க. அவருக்காகப் பொய் சொல்ல இவங்களுக்கு எந்த அவசியமும் இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். கட்டாயமில்லை என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னிடமா குரலைப் பற்றிக் கேட்கிறாய் என்ற அந்தத் திமிர்தான் என்னை எழுப்பியது. என் வாயால் அண்ணனின் கார்டு போகப் போகிறது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. போகட்டும், உண்மை உண்மைதானே என்று நினைத்தேன்.

ஒரு குமாஸ்தா என் கணவரையும் கன்ட்ரோல்காரரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்கள். கிரேன் கம்பெனியின் செட் ஒன்றை மேஜைமேல் என் எதிரே வைத்தார்கள். ஏசியை நிறுத்தலாமா என்று யாரோ கேட்டார்கள். கூண்டுக்குள் இதைவிட இரைச்சல் இருக்கும், ஓடட்டும் என்றார் அதிகாரி.

செட் கரகரத்தது.

"எறக்கு… எறக்கு… எறக்கு…"

கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொரு குரல்.

"எறக்கு… எறக்கு… எறக்கு…"

முதல் குரல் நிதானமாக, ஒரே அளவாக வந்தது. ஒருகாலத்தில் நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது வேலைத்தலத்து வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேனே, அதே இழுப்பு. இரண்டாவது குரல் அடைத்துக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாதவர் சொல்கிற மாதிரி தடுமாறியது. பாவம், கன்ட்ரோல்காரர் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன்.

"மொதல்ல பேசினவர்தான் என் வீட்டுக்காரர்" என்றேன்.

நிச்சயமாகத் தெரியுமா என்றார் அதிகாரி. அந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்று சொன்னேன். யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஜன்னலோரம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, முதலில் பேசியவர் வேன் கம்பெனிக்காரர் என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. தப்பாகச் சொல்கிறார், ஆளை மாற்றிச் சொல்கிறார் என்றுகூட வாதாடினேன் போலிருக்கிறது. அப்புறம் கதவு முழுதாகத் திறந்து என் கணவர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு வருடமாக வாயிலிருந்து வராத வார்த்தையை எனக்காக உள்ளே நின்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் அந்நியன் குரல் என்று தள்ளிவிட்டேன். அண்ணனின் கார்டுக்காக அல்ல, இதற்காகத்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த மேஜைமுன் நின்றபடியே அழுதேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நாளெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்பவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் சொல்வார்களாம், அந்தக் கருவிக்குள் போய்விட்டால் மிச்சமிருக்கும் வித்தியாசமும் போய்விடுமாம். குரலை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று வாரியத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். இரண்டு கம்பெனிக்கும் வேறு வேறு அலைவரிசை ஒதுக்குவதாகவும், இருவருமே லைசென்ஸ் விதியை மீறவில்லை என்றும் அதே மூச்சில் சொன்னார். ஒருவரும் விதியை மீறவில்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டுதான் ஒரு கை போயிருக்கிறது. இதைக் கேட்டு வக்கீல்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கன்ட்ரோல்காரர் வாசலில் எங்களுக்காக நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என் கணவர் இடது கையால் அவர் தோளைத் தொட்டுவிட்டு நடந்தார். அண்ணனைத் தேடினேன். அதற்குள் போய்விட்டிருந்தார்.

பஸ்ஸில் என் கணவர் பேசவில்லை. அது ஒன்றும் புதிதில்லை, ஆனாலும் அன்று எனக்கு அந்த மௌனத்தின் பக்கத்தில் உட்காரக் கூசியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? உங்கள் குரல் எனக்குத் தெரியவில்லை என்றா? அண்ணன் வீட்டுத் தெரு வந்ததும் அவர் சட்டென்று எழுந்து மணியை அடித்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணன் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். சாயங்காலமாகிவிட்டிருந்தது. பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது, கீழே ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். போன் போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நாமே மேலே போகலாமா என்றேன். அதற்கும் தலையசைத்தார். கிரேனுக்குக் கீழே நிற்கிற மாதிரி, காலை அகட்டி, தலையை அண்ணாந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மச்சான்" என்று கூப்பிட்டார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். மேலே, யாரென்று கேட்காமலே கதவு திறந்தது. அண்ணன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒருவரை ஒருவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கு மச்சான்."

அண்ணன் முகம் மறைந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் அண்ணனின் வெள்ளைச் சட்டை தெரிந்து மறைந்தது. என் கணவர் கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எறங்கு… எறங்கு… எறங்கு…"

மூச்சுக்கு ஒரு தரம். கருவி எதுவும் இல்லாமல் கேட்கும்போது அது வேறு யாருடைய குரலும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது மாடி ஜன்னலில் சட்டை தெரிந்தது. குரல் நின்றது.

செருப்புச் சத்தமும் நின்றது.

அண்ணன் ஜன்னலோரம் அசையாமல் நின்றார். இறங்கவில்லை, ஏறவுமில்லை. நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். என் கணவர் எச்சிலை விழுங்கினார், இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறங்கு மச்சான்" என்றார்.

செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. அண்ணன் கால் தரையில் படுகிறவரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.